ஜப்பானில் உயர் மருத்துவச் செலவு உச்சவரம்பும் வெளிநாட்டவரும்

ஜப்பானின் பொது மருத்துவக் காப்பீட்டில், ஒருவர் ஒரு மாதத்தில் தம் கையிலிருந்து செலுத்த வேண்டிய மருத்துவக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டதைக் காப்பீடே ஏற்கிறது. 'கோகாகு ரியோயோஹி' எனப்படும் இந்த ஏற்பாடு 1973 அக்டோபரில் தொடங்கியது. அப்போதைய வரம்பு 30,000 யென்.

தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடு 1922 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1927 இல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கான தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1938 இல் இயற்றப்பட்டது. 1961 இல் அனைவருக்கும் காப்பீடு என்ற நிலை எட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. இந்த 'அனைவரில்' வெளிநாட்டவர் பெரும்பாலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகராட்சிகள் நடத்திய தேசியக் காப்பீட்டில் குடியுரிமை நிபந்தனை இருந்தது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த கொரியர்களில் ஒரு பகுதியினருக்கு, 1965 ஆம் ஆண்டு ஜப்பான்–தென்கொரிய உடன்படிக்கையின் வழியாகவே கதவு திறந்தது.

ஜப்பான் 1981 இல் அகதிகள் உடன்படிக்கையில் இணைந்தது. அதன்பின் சமூகநலச் சட்டங்களிலிருந்த குடியுரிமை நிபந்தனைகள் ஒவ்வொன்றாக விலகின. தேசிய மருத்துவக் காப்பீட்டில் 1986 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. ஆயினும் ஓராண்டு தங்குபவரே சேர முடிந்தது. 2012 சூலை முதல், மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்றவர்கள் குடியிருப்போர் பதிவேட்டில் இடம்பெற்றுக் காப்பீட்டிலும் சேர்கின்றனர். இடையில் 2004 சனவரியில், வசிப்பு அனுமதி இல்லை என்பதால் மட்டும் ஒருவரைக் காப்பீட்டிலிருந்து விலக்கிவிட முடியாது என உச்ச நீதிமன்றம் கருதியது. அதே ஆண்டில் அரசு விதியைத் திருத்தி அத்தகையோரை வெளிப்படையாகவே விலக்கியது.

2015 இல் வகுத்த அளவின்படி, 70 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஐந்து வருமானப் பிரிவுகள். நடுத்தர வருமானமுள்ளவரின் சிகிச்சைக்கு 10 லட்சம் யென் ஆனால், அவருடைய 30 விழுக்காட்டுப் பங்கு 3 லட்சம் யென். உச்சவரம்பின்படி அவர் செலுத்துவது 87,430 யென் மட்டுமே. ஓராண்டுக்குள் மூன்று மாதங்கள் வரம்பைத் தொட்டவருக்கு நான்காம் முறையிலிருந்து அது 44,400 யென்னாகக் குறைகிறது.

வெளிநாட்டு மாணவர்கள் இடறுவது வேறோர் இடத்தில். வருமானமே இல்லாதவரும் நகராட்சியில் வருமான அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால், அதே 10 லட்சம் யென் சிகிச்சைக்கு அவர் செலுத்துவது 35,400 யென். கொடுக்காவிட்டால் மிக உயர்ந்த பிரிவில் வைக்கப்பட்டு 2,54,180 யென் செலுத்த நேரிடும். ஏழை மாணவரைச் செல்வராகக் கணக்கிடும் விந்தையான விதி இது.

கணக்கு நாட்காட்டி மாதத்தின்படி என்பதால், மாத இறுதியில் அனுமதிக்கப்பட்டு அடுத்த மாதம் வீடு திரும்புபவருக்கு வரம்பு இருமுறை பொருந்தும். உணவுக் கட்டணமும் தனியறைக் கட்டணமும் இதில் சேரா.

முன்பு முழுப் பங்கையும் கட்டிவிட்டுப் பின்னரே மிகுதியைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வரம்புச் சான்றிதழைக் காட்டி, வரம்புத் தொகையை மட்டும் செலுத்தும் முறை 2007 இல் உள்நோயாளிகளுக்கும் 2012 இல் புறநோயாளிகளுக்கும் வந்தது. கூடுதலாகக் கட்டியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைக் கோரலாம். 2025 ஆகத்து முதல் வரம்பை உயர்த்த அரசு திட்டமிட்டபோது புற்றுநோயாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மார்ச்சில் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.