4,200 ஜூல்: ஓர் எண்ணின் வரலாறு

ஒரு கிலோகிராம் நீரை 1 பாகை செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் தேவை. படிவம் நான்கு மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால், வெப்பத்தை ஏன் ஜூலில் அளக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். இதற்கு விடை சொல்ல அறிவியலுக்கு அரை நூற்றாண்டு ஆனது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெப்பத்தை ஒரு பாய்மம் என்றே பலரும் நம்பினர். அதன் பெயர் கலோரிக். 1789இல் லவாய்சியர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் செல்வதை அது நன்றாகவே விளக்கியது.

சிக்கல் உராய்வில்தான் வந்தது. மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் வேலையை மேற்பார்வையிட்டவர் ரம்ஃபோர்டு பிரபு. மழுங்கிய துளைக்கருவியை வைத்து, குழாயை நீரில் அமிழ்த்தி, குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். நெருப்பே இல்லை, இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது! தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது எப்படி ஒரு பொருளாக இருக்க முடியும்? வெப்பம் ஒருவகை இயக்கமே என்று 1798இல் எழுதினார். ஆனாலும், கலோரிக் உடனே மறையவில்லை.

அடுத்த திருப்பம் நம் வட்டாரத்தில் நடந்தது. 1840இல் ஜாவாவுக்குக் கப்பல் மருத்துவராக வந்தவர் ஜெர்மானியர் ராபர்ட் மேயர். மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிட நல்ல சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வெப்ப நாட்டில் உடற்சூட்டைக் காக்க உடல் குறைவாகவே எரிக்கிறது, அதனால் உயிர்வளி மிச்சமாகிறது என்று எண்ணினார். அந்த எண்ணம் உணவு, வேலை, வெப்பம் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1842இல் அதை வெளியிட்டார், கவனித்தவர் சிலரே.

அதே காலத்தில், இங்கிலாந்தில் மதுவடிப்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் அளவிடத் தொடங்கினார். விழும் எடைக்கற்கள் நீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும். கற்களை 20 தடவை மேலே ஏற்றி விழச் செய்தாலும் நீர் அரை பாகை ஃபாரன்ஹீட் அளவே சூடேறியது. ஏன் இவ்வளவு குறைவு? 1 கிலோகிராம் எடை பெட்ரோனாஸ் கோபுர உச்சியிலிருந்து (452 மீட்டர்) விழுந்தாலும், அந்த ஆற்றல் முழுவதும் 1 கிலோகிராம் நீரை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ்தான் சூடாக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 × 9.81 × 452 = 4,434 ஜூல். 1850இல் ஜூல் வெளியிட்ட அளவை இன்றைய அலகுக்கு மாற்றினால் ஏறக்குறைய 4,155 வரும். இன்றைய அளவோ 4,186. பாடநூல் அதை 4,200 என முழுமையாக்குகிறது.

முதலில் கண்டவர் யார் என்ற வாக்குவாதம் பின்னர் எழுந்தது. இலண்டன் ராயல் சங்கம் தன் கோப்ளி பதக்கத்தை 1870இல் ஜூலுக்கும் 1871இல் மேயருக்கும் வழங்கியது.

மாணவர்களே, தேர்வில் ஒன்றைக் கவனியுங்கள். "சூடான நீரில் வெப்பம் அதிகமாக இருக்கிறது" என்று எழுதினால், தெரியாமலே கலோரிக் பக்கம் போய்விடுகிறீர்கள். நீரிடம் இருப்பது அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும் ஆற்றலே வெப்பம்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கலாம்: உள்ளங்கைகளைத் தேய்க்கும்போது வரும் சூடு, தேய்ப்பதற்கு முன் எங்கே இருந்தது?