உயர் நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுத்தல்

உயர் நீதிமன்ற நீதிபதிகளைச் சட்டமன்ற உறுப்பினர்களைப் போல மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கருத்து, நியமன முறை பற்றிய விவாதங்களில் அவ்வப்போது எழுவதாகும். இந்திய அரசியலமைப்பு இதற்கு இடம் தரவில்லை. 217ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரே நீதிபதிகளை நியமிக்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்ட வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், சிறப்பாக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய தோல் தொழில் ஊர்களில், இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. ஏற்றுமதி வருவாய், தொழிலாளர் பிழைப்பு, பாலாற்றுப் படுகையின் குடிநீர் ஆகிய மூன்றும் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்ற பகுதி இது.

முன்வரலாறு

தமிழ்நாட்டில் தேர்தல் என்றதும் முதலில் சுட்டப்படுவது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு சாசனங்கள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வாறு சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழுவுக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் அமர்த்தப்பட்டனர். 921ஆம் ஆண்டுச் சாசனம் வயதை 35 முதல் 70 வரை என வரையறுத்தது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், கணக்குக் காட்டாதவரும், கணக்குக் காட்டாதவரின் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இதனை நீதிபதித் தேர்தலுக்கு முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது. அங்கே வாக்குச் சேகரிப்பு இல்லை. திருவுளச் சீட்டே இருந்தது. பிரமதேய ஊர்ச் சபையின் நிலவுடைமையாளர் மட்டுமே பெயர் எழுதப்படும் தகுதி பெற்றனர். எனினும், பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும், பொறுப்பைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்னும் இரு விதிகளும் இன்றும் போற்றத்தக்கவை.

தேர்தலின் சாயல் கொண்ட நீதிமன்றம் ஒன்று சென்னையில் உண்மையாகவே இயங்கியது. 1687ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டது. அதன் மேயரும் 12 ஆல்டர்மேன்களும் சேர்ந்ததே மேயர் நீதிமன்றம். மேயர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆல்டர்மேன்களுள் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களும் வணிகர்களும் இருந்தனர். அவர்களுக்குச் சட்டம் எடுத்துரைக்க ரெக்கார்டர் என்னும் அலுவலர் தேவைப்பட்டார். 1726ஆம் ஆண்டுப் பட்டயம் இந்நீதிமன்றத்தை மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் கொண்டதாகத் திருத்தியமைத்தது. வணிகரே வணிகரின் வழக்கைத் தீர்க்கும் இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் சட்டம் பயின்ற நீதிபதிகளைக் கொண்ட சென்னை உச்ச நீதிமன்றமும் அதன் இடத்துக்கு வந்தன.

1861ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. நீதிபதிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சிவில் சர்வீஸ் அதிகாரிகளாகவும் இருக்க வேண்டும் என்றும், அவர்கள் பிரித்தானிய அரசியின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பர் என்றும் அச்சட்டம் விதித்தது. இந்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் தி. முத்துசாமி ஐயர், ஆண்டு 1877.

அரசியல் நிர்ணய சபையில்

நீதிபதி நியமனம் பற்றி 1949 மே 24 அன்று சபையில் நடந்த விவாதத்தில் சென்னை மாகாண உறுப்பினர் பி. போக்கர் சாகிப், தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் என்று திருத்தம் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நியமனத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றும், மாநிலங்களவையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் வேறு யோசனைகள் வந்தன. அம்பேத்கர் மூன்றையும் ஏற்கவில்லை. நிர்வாகத்தின் கையில் முழு அதிகாரமும் இருப்பது தவறு. சட்டமன்ற ஒப்புதல் அரசியல் அழுத்தத்துக்கு வழிவிடும். தலைமை நீதிபதியும் குறைபாடுகள் உள்ள மனிதரே என்பதால் அவருக்குத் தடையதிகாரம் தருவதும் ஆபத்து என்பது அவர் வாதம். கலந்தாலோசனை என்னும் நடுவழியே அரசியலமைப்பில் இடம்பெற்றது. மக்கள் வாக்கு என்பது அவர் எடுத்து ஆராய்ந்த மூன்று யோசனைகளுள் ஒன்றாகக்கூட இல்லை.

நியமன முறைகளின் வகைப்பாடு

1. நேரடித் தேர்தல்: அமெரிக்காவில் 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. பல மாநிலங்கள் பின்பற்றின. பொலிவியா 2011இல் உயர்நிலை நீதிபதிகளுக்குத் தேர்தல் நடத்தியது. மெக்சிகோவில் 2025 ஜூன் 1 அன்று நடந்த நீதித்துறைத் தேர்தலில் வாக்காளர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே வாக்களித்தனர்.

2. நியமனமும் மக்கள் ஒப்புதலும்: குழு பரிந்துரைத்து, ஆளுநர் நியமித்து, சில காலத்துக்குப் பின் அவர் தொடரலாமா என மக்களைக் கேட்பது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1940இல் இதனை ஏற்றது. ஜப்பானில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு இத்தகைய வாக்கெடுப்பு உண்டு. அதனால் அங்கு எவரும் பதவி இழந்ததில்லை.

3. சட்டமன்ற ஒப்புதல்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிய, செனட் ஒப்புகிறது.

4. நீதிபதிகள் குழு: இந்தியாவின் கொலீஜியம். 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கு அரசின் கையை ஓங்கச் செய்தது. 1993, 1998 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகள் அதனை மாற்றி நீதிபதிகளின் கருத்துக்கே முதன்மை தந்தன. தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை அமைத்த 99ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16 அன்று 4:1 என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார்.

தோல் தொழில் பகுதியும் நீதிமன்றமும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. சுத்திகரிக்காத தோல் கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் விடப்பட்டதால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டது என்ற ஆய்வு முடிவு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இத்தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், சூழலைக் கெடுக்கும் உரிமை அதனால் வந்துவிடாது என்றது. மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளே என அறிவித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தவும் வழிசெய்தது.

உரிமையாளரின் முதலீடும் தொழிலாளியின் கூலியும் அன்றே கண்ணுக்குத் தெரிபவை. நீர் கெட்ட கிணறும் உப்புப் பூத்த வயலும் சிதறிக் கிடக்கும் உழவர்களுடையவை. வாக்கு எண்ணிக்கையில் முதல் தரப்பே பெரும்பாலும் வலுவுடையது. இத்தகைய இடத்தில் அடுத்த தேர்தலை எண்ணாமல் எழுதக்கூடிய பேனா தேவைப்படுகிறது.

பணத்தின் வலிமைக்கும் இப்பகுதியிலேயே சான்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கிய வேலூர் மக்களவைத் தொகுதியில், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதை அடுத்து, 2019 ஏப்ரலில் வாக்குப்பதிவுக்குச் சற்று முன் தேர்தலே ரத்து செய்யப்பட்டது. பின்னர் ஆகஸ்ட் 5 அன்று அது நடத்தப்பட்டது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிப் பகுதியில் நடந்ததும் கருதத்தக்கது. அங்கு மாஸ்ஸி என்னும் நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் ஈடு விதிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு வரவிருந்த நிலையில், 2004 நீதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக அந்நிறுவனத் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்ற அந்நீதிபதி, ஈட்டை நீக்கிய பெரும்பான்மையில் ஒருவரானார். அவர் விலகியிருக்க வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது.

தேர்தலுக்கு ஆதரவான வாதங்கள்

கொலீஜியம் மூடிய அறைக்குள் முடிவெடுக்கிறது, ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் குறைவாகவே இடம்பெறுகின்றனர் என்பவை முதன்மையான குறைகள். இவை நியாயமானவை. ஜோலார்பேட்டையில் பிறந்து, மாவட்ட நீதித்துறையில் பணியாற்றி, 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியாகவும் உயர்ந்த அ. வரதராஜன் இப்பகுதியின் பெருமை. அத்தகையோர் எண்ணிக்கை பெருக வேண்டும். ஆனால் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில் பணமும் கட்சி வலிமையும் உள்ளவரே வெல்லக்கூடும் என்பதால், இக்குறைக்குத் தேர்தல் மருந்தாகாது.

இன்றைய நிலை

கொலீஜிய முறையே தொடர்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் எண்ணிக்கை 75. ஓய்வு வயது 62. பாலாற்று மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. 1991இல் வழக்குத் தொடங்கி இத்தனை ஆண்டுக்குப் பின்னும் ஈட்டுக்கு ஆணையிட நேர்ந்தது நீதித்துறைக்குப் பெருமை சேர்க்காது. அதற்குத் தீர்வு வாக்குப்பெட்டியில் இல்லை. நியமனத்துக்கான காரணங்களை வெளியிடுவதும், காலியிடங்களைக் காலக்கெடுவுக்குள் நிரப்புவதும், எல்லாச் சமூகத்தாரையும் அமர்வில் இடம்பெறச் செய்வதுமே செய்ய வேண்டியவை.