மண்ணை வெட்டும் முன் கானை வெட்டுங்கள்

கடந்த ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே சரிவான காணியொன்றில் வீடு கட்டும் இடத்துக்குப் போயிருந்தேன். பெக்கோ இயந்திரம் மலையை ஆளுயரத்துக்கும் மேலாக நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தது. வெட்டிய மண் காணியின் கீழ் விளிம்பில் குவிந்து கிடந்தது. அதற்கு நேர் கீழே ஒரு லயன்.

"மழை வந்தா தண்ணி எங்கண்ணே போகும்?" என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். "கான் எல்லாம் கடைசியிலதான் தங்கச்சி. மொதல்ல வீடு எழும்பட்டும்" என்றார். மலையகத்தில் நான் பேசிய பல பாஸ்மாரும் இதே ஒழுங்கில்தான் வேலை செய்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 10 பேர்ச்சஸ் காணி சுமார் 253 சதுர மீற்றர். அங்கே ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றருக்கும் அதிகம். புல்லும் மரமும் இருந்தபோது வேகம் குறைந்து ஓடிய இந்தத் தண்ணீர், வெறும் மண்ணில் அதை அரித்துக்கொண்டு ஓடும். வெட்டிய மேட்டுக்குள் இறங்கினால் மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். மேடு சரிந்து வீட்டின் பின்சுவரை உடைப்பது இப்படித்தான்.

சட்டமோ விதிகளோ இல்லாமலில்லை. மண்பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவை. ஆனால், அறிக்கை வீட்டுக்காரரின் கோப்புக்குள் போய்விடுகிறது. மணித்தியாலக் கணக்கில் கூலி பெற்று மண்ணை வெட்டுபவருக்கு அதிலுள்ள நிபந்தனைகளை யாரும் விளக்குவதில்லை.

அவருக்குத் தெரியவேண்டியவை அதிகமில்லை:

• வெட்டப்போகும் இடத்துக்கு மேலே முதலில் கான் அமைக்க வேண்டும். தண்ணீர் ஊறாதபடி கானுக்குச் சீமெந்து பூசுவது நல்லது.

• மழைக்காலத்துக்கு முன், தேவையான அளவை மட்டும் பகுதி பகுதியாக வெட்ட வேண்டும். பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கவனம் தேவை.

• வெட்டிய மண்ணைச் சரிவிலோ ஓடையிலோ தள்ளக்கூடாது. மூடிவைத்து, கீழ் விளிம்பில் மணல் மூட்டைகளை அடுக்கி, சேறு படியக் குழியொன்றும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழியைத் துப்புரவாக்க வேண்டும்.

• தடுப்புச் சுவருக்குப் பின்னால் சல்லியும், சுவரில் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகளும் அவசியம். துளையில்லாத சுவர் அணைக்கட்டாகிவிடும்.

• கூரைத் தண்ணீரைப் பீலியும் குழாயும் வைத்துக் கானில் விட வேண்டும்.

24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மண்சரிவுக்கான முதற்கட்ட எச்சரிக்கை நிலை தொடங்குகிறது. அன்று மண் வெட்டும் வேலையை நிறுத்த வேண்டும் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

இந்தப் பாடம் மலையகத்துக்குப் புதிதல்ல. தேயிலைத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதற்குள் சிறு தடுப்புகள் விட்டு மண்ணைப் பிடித்துவைத்தவர்கள் தொழிலாளர்கள்தான். அந்த அனுபவத்தை வைத்தே, வேலைத்தளத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அரைநாள் பயிற்சி கொடுக்கலாம். மேசன்மாருக்கான தொழிற்பயிற்சியிலும் ஒப்பந்தக்காரர் பதிவிலும் இதைச் சேர்க்கலாம். மேற்கானைப் பார்த்த பிறகே மண் வெட்ட அனுமதிப்பது என்று பிரதேச சபைகள் தீர்மானித்தால், ஒழுங்கு தானாக மாறும்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு அந்த லயனுக்குப் போனேன். வீட்டு வாசலில் முழங்கால் அளவு சேறு. "மேல வீடு கட்டுறாங்க, கீழ நாங்க மண் அள்ளுறோம்" என்றார் மண்வெட்டியோடு நின்ற ஒரு அம்மா. மேலே பாஸ் கான் வெட்டத் தொடங்கியிருந்தார். முதல் நாளே வெட்டியிருந்தால் செலவும் குறைவு. அந்த அம்மாவும் இரவில் பயமில்லாமல் தூங்கியிருப்பார்.