வாங்கும் அச்சும்

வடிவமைப்புக் கலை பயிலும் மாணவி ஒருவர் சென்ற ஆண்டில் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு எம்மிடம் வந்தார். மரத்தளபாடம் செய்தலும், மரப்பலகையிலிருந்து அச்செடுத்தலும் அவருக்கு விதிக்கப்பட்ட இரு வேறு பயிற்சிகள். அவரோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். வலிகாமத்துப் பழைய பள்ளியொன்று கழித்துவிட்ட வாங்கு ஒன்றைப் பெற்று, அதனைச் சீவிச் செப்பஞ் செய்யுமுன், மேற்பலகையில் உருளையால் கருமை பூசித் தாளை விரித்து, கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எடுத்த அச்சு அது. மரத்தின் வரிகள் கருமையாய் விழுந்திருந்தன. பேனாக்கத்தியாலும் கவராயத்தின் கூராலும் பல தலைமுறை மாணவர் கீறிய பெயரெழுத்துகள் வெண்மையாய், இடம் வலம் மாறித் தெரிந்தன. கண்ணாடியொன்றைப் பிடித்து அவற்றை நாம் வாசித்தோம்.

வாசித்து முடிந்ததும் அவர் கேட்டார்: "இதிலே இருந்தவர்கள் பெயர் வெட்டியிருக்கிறார்கள். செய்தவருடைய பெயர் எங்கே? இருக்க விடாதவர்களுடைய பெயர் எங்கே?"

இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வழங்கும் சொற்களை முதலிற் பார்ப்போம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகியன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. 1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658-இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். முதல் இரு ஆட்சியாளரும் போய் நெடுங்காலமாயிற்று. நாம் இருக்கும் இருக்கைக்கு அவர்கள் இட்ட பெயர் போகவில்லை. சொல் வந்த வழியேதான் பொருளும் வந்தது என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. கட்டில், மணை, பலகை, பெட்டகம் என்பன நம்முடையவை. ஆனால், முதுகைச் சாய்த்துக் காலைத் தொங்கவிட்டு, நிலத்தினின்றும் ஒரு முழம் உயர்ந்திருக்கும் இருக்கை குடாநாட்டுக்கு அதிகாரத்தின் இருக்கையாகவே வந்தது. 'கந்தோர்' என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. கந்தோரில் இருந்தவன் கதிரையில் இருந்தான். வரி கொண்டுவந்தவன் நின்றான். பின்னர் மணியகாரரும் உடையாரும் தத்தம் விறாந்தைகளிற் சாய்மனைக் கதிரைகளைப் போட்டுக்கொண்டபோது, நின்றவன் முற்றத்தில் நின்றான்.

இக்கதிரைகளுக்கு மரம் எங்கிருந்து கிடைத்தது? குடாநாட்டின் தாய்மரம் பனை. வீட்டுக்கு வளையும் சலாகையும் அதுவே தரும். ஆனால் அதன் புறவைரம் இரும்பு, உள்ளே சோறு. அகன்ற பலகை அதிலிருந்து வாராது. வேம்பும் பலாவும் பூவரசும் வளவுக்குள் கிடைத்தன. நல்ல தளபாடத்துக்கு வேண்டிய முதிரையையும் கருங்காலியையும் வன்னிக்காடு தந்தது. கருங்காலியின் கறுப்பும் முதிரையின் பொன்னிறமும் கலந்து செய்யப்பட்ட அக்காலத்து இருக்கைகளையும் பெட்டகங்களையும் நூதனசாலைகளில் இன்றும் காணலாம். அவற்றுக்கு 'ஒல்லாந்தத் தளபாடம்' என்று பெயர். செதுக்கிய கை இந்நாட்டுத் தச்சனுடையது.

அச்செழுத்தின் கதையிலும் தச்சனின் உளி உண்டு. தமிழின் முதல் அச்சுநூல்கள் பதினாறாம் நூற்றாண்டில் உலோக எழுத்துகளால் ஆக்கப்பட்டன. ஆயினும், 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் வெளிவந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதிக்கு எழுத்துகளை மரத்திலேயே வெட்டவேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் இடம் வலம் மாற்றி மரத்திற் செதுக்கிய அந்தப் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். எம்மிடம் வந்த மாணவி தம் பெயரின் நான்கு எழுத்துகளை வெட்டுவதற்கு ஒரு பகல் முழுவதும் எடுத்ததாகவும், அதில் 'ழ'கரம் இரண்டு முறை உடைந்ததாகவும் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் வாங்கும் அச்சுப் புத்தகமும் ஏறத்தாழ ஒருங்கே பள்ளிக்கூடத்துள் நுழைந்தன. இது தற்செயலன்று. திண்ணைப் பள்ளியிற் பிள்ளை நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதினான்; வளர்ந்தபின் ஓலையை இடக்கையிற் பிடித்து எழுத்தாணியாற் கீறினான். ஓலைக்கு மேசை வேண்டியதில்லை. கடதாசிக்கோ சமதளம் வேண்டும். மைக்கூடு கவிழாதிருக்க ஓர் இடம் வேண்டும். பத்துப் பிள்ளைகள் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒரே வேளையிற் பார்க்க வரிசையான இருக்கை வேண்டும். எனவே அச்சகம் பெருகப் பெருகத் தச்சனுக்கும் வேலை பெருகிற்று.

அந்த அச்சகம் எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1820-இல் ஜேம்ஸ் கரற் என்னும் அச்சுத் தொழிலாளர் வந்து சேர்ந்தார். அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பாண்ஸ் அவரை இலங்கையிலிருந்து வெளியேறுமாறு பணித்தார். ஏற்கெனவே வந்திருந்த மதகுருமாரைப் பொறுத்துக்கொண்ட அரசு ஓர் அச்சுத் தொழிலாளியைப் பொறுத்துக்கொள்ளவில்லை! அச்சியந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலேய மிஷனிடம் கைமாறிற்று. தடை தளர்ந்த 1830-களில் ஈஸ்ற்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்தபின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் நிலைபெற்றது. 1841-இல் 'உதயதாரகை' வெளிவந்தது. மறு ஆண்டில் மானிப்பாய் அகராதி வந்தது.

இதற்கு எதிர்வினையாகவே ஆறுமுக நாவலர் எழுந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றார். அங்கே தங்கியிருந்து சூடாமணி நிகண்டு முதலியவற்றைப் பதிப்பித்துத் திரும்பி, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பள்ளியை அடுத்து அச்சகம் என்ற அவரது ஒழுங்கு கவனிக்கத் தக்கது. பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதி, பிழையின்றி அச்சிட்டு, தமிழ் உரைநடைக்கு அவர் தந்த தெளிவை நாம் மறுக்கமாட்டோம். ஆனால் அந்தத் தெளிந்த உரைநடை சாதி ஆசாரத்தைக் கேள்வி கேட்கவில்லை; அதனை வினாவிடையாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. அச்சு யார் கையிலும் ஒரே மையைத்தான் உமிழும்.

அச்சகத்தினுள்ளும் மரவேலையே மிகுதி. எழுத்துப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் சாய்வு மேசைகள், பக்கத்தை இறுக்கும் ஆப்புகள் எல்லாம் மரம். அச்சுக் கோத்த பக்கத்தில் எழுத்தில்லாத வெற்றிடங்களை நிரப்ப இடும் மரக்கட்டைகளுக்கு ஆங்கில அச்சுத் தொழிலாளர் வழக்கில் 'பர்னிச்சர்' என்றே பெயர். அக்கட்டை எழுத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ஆகையால் மை படாது, தாளிலும் விழாது. அது இல்லையேல் எழுத்துகள் நில்லாமற் சிதறிவிடும். இதை மாணவிக்கு நாம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். தம் பயிற்சிகள் இரண்டும் ஒன்றுதான் என்று ஆசிரியரிடம் வாதாட அது போதும் என்றார்.

இனி, இருக்க விடப்படாதவர்களுக்கு வருவோம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது, வாங்குகள் இருந்தும் அவர்கள் நிலத்திலோ வகுப்பின் புறத்திலோ இருத்தப்பட்டார்கள். கற்பித்த பாடம் ஒன்று, புத்தகம் ஒன்று, இருக்கை மட்டும் வேறு. 1924-இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, பின் வாலிபர் காங்கிரசாகிய இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையில் இதனை எதிர்த்தது. அவ்வியக்கத்தின் அழைப்பில் 1927-இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். 1929–30 அளவில், அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிற் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டுமென்ற பணிப்பு வந்தது. சைவ உயர்குடியினரிற் பலர் அதனை நீக்குமாறு மனு எழுதினர். மனுவோடு நில்லாதவர்கள் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். 1981 மே 31 இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணத்தில் மூட்டப்பட்ட தீயை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1959-இல் திறக்கப்பட்ட பொதுநூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும், வாசகர் இருந்த கதிரை மேசைகளோடும் எரிந்தது. 'ஈழநாடு' அச்சகமும் எரிந்தது. காவற்படையினர் செய்த அக்கொடுமையைப் பற்றிக் கவிதையும் கட்டுரையும் ஆண்டுதோறும் எழுதுகிறோம். 1930-இல் நம் கையால் நாமே எரித்த ஓலைக்கூரைப் பள்ளிகளைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறோம்? அங்கு எரிந்தவையும் புத்தகங்களே, வாங்குகளே. ஒன்றைச் சொன்னால் மற்றது சிறுத்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். அவ்வச்சம் எமக்கில்லை.

வாங்கின் வழக்கு பள்ளியோடு முடியவுமில்லை. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாங்கில் இருக்கவியலாது, வெளியே நின்று, தமக்கென ஒதுக்கிய தகரப்பேணியிலோ போத்தலிலோ தேநீர் குடித்தார்கள். 1957-இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் கடை வாசல்வரை வந்து நின்றுகொண்டது. 1966 ஒக்ரோபர் 21-இற் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே அதனை உள்ளே கொண்டு சென்றன. அடி வாங்கியவர்களும் உயிர் கொடுத்தவர்களும் கேட்டது ஒரு பலகையில் இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் உரிமையையே.

அதே 1966-இன் ஆவணியில் யாழ்ப்பாணத்து முடிதிருத்தும் நிலையமொன்றிலிருந்து 'மல்லிகை' பிறந்தது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா அத்தொழிலாளியே. அங்கே மணியகாரருக்கும் மாணவனுக்கும் ஒரே கதிரைதான். வந்த முறைப்படி இருக்கவேண்டும். அக்கதிரைகளின் அருகே கைப்படிகள் திருத்தப்பட்டன. நாவலர் வழிவந்த பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கிய பேச்சு அச்சேறிற்று.

1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத் தாள் இல்லை, மின்சாரமும் இல்லை. பள்ளிக் கொப்பியின் கோடிட்ட தாளிலே பத்திரிகைகளும் நூல்களும் வெளிவந்தன. அந்நூல்கள் சில எம்மிடம் உள்ளன. அச்செழுத்து ஒரு வழியும் நீலக்கோடு மற்றொரு வழியுமாக ஓடும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டில் மீண்டவர் பலர் கதவும் யன்னலும் கதிரையும் இல்லாத வீடுகளையே கண்டனர். பலர் அவ்வீடுகளின் வெறுந்தரையிற் பாய் விரித்திருந்தே புது வாழ்வைத் தொடங்கினர்.

மாணவியின் வாங்கு இவ்வளவுக்கும் எப்படித் தப்பிற்றோ தெரியாது. சில கிழமைகளின் பின் அவர் இரண்டாவது தாளொன்றைக் கொண்டுவந்தார். இம்முறை பலகையைக் கழற்றி அதன் கீழ்ப்புறத்தில் மை பூசியிருக்கிறார். அங்கே பெயரெழுத்து எதுவும் இல்லை. கால் பொருந்தும் நான்கு இடங்களிலும் உளியால் வெட்டிய குறிகள் மாத்திரம் இருந்தன: ஒன்றில் ஒரு கீறு, அடுத்ததில் இரண்டு, பின் மூன்று, நான்கு. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று தச்சர் தமக்காக இட்ட பொருத்துக் குறிகள் அவை. வாங்கின் கால்களிலும் அதே கீறுகள் இருந்ததாகவும், அவற்றைப் பார்த்தே தாம் அதனைத் திரும்பப் பூட்டியதாகவும் அவர் சொன்னார்.