பிலிப்ஸ் பிறந்த ஊர்

1/ பிலிப்ஸ்னா உங்களுக்கு ரேடியோ ஞாபகம் வரும். எங்களுக்கு ஸ்கேன் மெஷின். ரெண்டுக்கும் சொந்த ஊர் ஒண்ணுதான்: நெதர்லாந்தின் ஐந்தோவன்.

2/ 1891-ல் பல்பு, 1918-ல் எக்ஸ்ரே குழாய், 1927-ல் ரேடியோ. கண்ணாடிக் குடுவையில காத்தை உறிஞ்சி எடுக்கிற வித்தைதான் மூணுக்கும் அடிப்படை.

3/ 1963-ல் லூ ஓட்டன்ஸ் குழு கேசட்டைக் கொண்டு வந்தது. ராயல்டி கேக்காம மத்த கம்பெனிகளுக்கும் பிலிப்ஸ் கொடுத்தது. நம்ம டீக்கடை வரைக்கும் ஒரே அளவு கேசட் வந்தது அதனாலதான்.

4/ 1990-கள்ல அந்த ஊர்ல ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. தலைமையகம் ஆம்ஸ்டர்டாம் போச்சு. 2014-ல் ஆடியோ தொழிலையும் வித்தாச்சு.

5/ ஆனா ஊர் படுக்கல. 1984-ல் பிலிப்ஸ் கூட்டில் பிறந்த ஏ.எஸ்.எம்.எல். இன்னிக்கு பக்கத்துலயே சிப் தயாரிக்கும் மெஷின் செய்யுது. கம்பெனி கிளம்பிப் போச்சு. கைவேலை தெரிஞ்சவங்க அங்கேயே இருந்தாங்க.