கோடை விடுமுறைக்குக் காத்திருந்த கணினிகள்

பாலக்காட்டுச் சீமையின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு மலைகளிலும், தமிழையே போதனா பாஷையாகக் கொண்ட பள்ளிகள் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ந் தேதி வகுத்த எல்லைக்கோடு இவற்றைக் கேரளத்தில் சேர்த்தது பழைய சரித்திரம். அதே கோடு, அரை நூற்றாண்டு கழித்து, கணினியின் இயங்குதளத்தை எப்போது மாற்றுவது என்ற, அன்று எவரும் சொப்பனத்திலும் கருதாத விஷயத்திலும் இருபுறத்துப் பிள்ளைகளை வேறுபடுத்திவிட்டது.

கேரளம் 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தை ஆரம்பித்தபோது மைக்ரோசாஃப்டின் விண்டோஸே பாடமாக இருந்தது. பொதுப் பள்ளியின் பாடம் ஒரு கம்பெனியின் சரக்கோடு பிணைக்கப்படலாகாது என்று ஆசிரியர்களிடையே ஆட்சேபம் எழுந்தது. 2006-இல் சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் கேரளத்துக்கு வந்து சுதந்திர மென்பொருளின் நியாயத்தை எடுத்துரைத்தார். 2008 வாக்கில் உயர்நிலைப் பள்ளிகள் லினக்ஸுக்கே வந்து சேர்ந்தன. லினக்ஸ் வகைகளில் முதலில் டெபியன், பிறகு உபுண்டு.

ஆனால் எதற்கு மாறுவது என்பதைக் காட்டிலும் எப்போது மாறுவது என்பதுதான் சிரமமான பிரச்னை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஏப்ரலில் வெளிவரும். வருஷமும் மாதமுமே அதன் பெயர். பஞ்சாங்கம் போல இவ்வளவு கிரமமாக வருவதை வந்தவுடன் ஏற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். பள்ளிக்கூடம் அப்படிச் செய்ய இயலாது. மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய பாஷைகளில் அச்சிட்ட பாடநூல், எந்தப் பட்டியைத் திறந்து எதைச் சொடுக்குவது என்பதைப் படத்தோடு காட்டுகிறது. திரை மாறினால் புத்தகம் பொய்யாகிவிடும். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஜூனில் புது வகுப்பு; ஆசிரியருக்குப் பயிற்சியளிக்க இடையிலுள்ள கோடை விடுமுறையே கதி. ஆகவே 2018 ஏப்ரலில் வந்த 18.04-ஐ, ஐ.டி. அட் ஸ்கூலிலிருந்து கைட் என்று பெயர் மாறிய ஸ்தாபனம், ஓராண்டு சாவதானமாகச் சோதித்துப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, 2019 மே மாதத்தில் இரண்டு லட்சம் கணினிகளுக்கென வெளியிட்டது. உரிமக் கட்டணம் வேண்டாததால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் ஒரு கணக்கு சொன்னார்கள். அவ்வளவு விலை கொடுத்து யார் வாங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். 22.04 பதிப்போ, பாடநூல்களே புதுப்பிக்கப்பட்ட 2024-இல்தான் வகுப்புக்குள் பிரவேசித்தது. இந்தத் தாமதத்தைச் சோம்பல் என்று நான் கருதவில்லை.

எல்லைக்கு இப்பால் காலத்தை நிர்ணயித்தவர் வேறு. 2011-இல் தமிழ்நாடு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசு ஸ்தாபனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசு அலுவலகங்களை பாஸுக்கு மாறச் சொன்னார்கள். அந்தத் தேதி சென்னையில் குறித்ததன்று; மைக்ரோசாஃப்ட் குறித்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் அப்படியே முடிவு வந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதுமில்லை.

மறையூர்ப் பள்ளியின் 22.04-க்கும் ஓர் அந்தியகாலம் உண்டு. ஐந்தாண்டு ஆதரவு 2027 கோடையில் நிறைகிறது; அப்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போயிருப்பார்கள்.