டிஸ்ட்ரிபியூட்டரும் கொடைக்கானல் மலைச்சாலையும்

திண்டுக்கல் சமவெளியின் மோட்டார்த் தொழிலை அதன் சாலைகளின் அமைப்பைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். 1875இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்ட பின் தோல், புகையிலை, சுருட்டு, பூட்டு ஆகியவற்றின் சந்தையாக வளர்ந்த இந்நகரம், மோட்டார் வண்டிகள் வந்ததும் மதுரை, திருச்சி, பழனி, நத்தம், வத்தலக்குண்டு ஆகிய ஊர்களின் சாலைகள் கூடும் இடமாயிற்று. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இச்சமவெளியை விட்டுப் புறப்படும் கார், வத்தலக்குண்டைக் கடந்து, சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏற வேண்டியிருந்ததால், சமதளத்தில் மறைந்து கிடந்த எஞ்சின் குறைகள் மலைச்சாலையில் வெளிப்பட்டன. அவற்றுள் பலவற்றுக்கு மூலமாக இருந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கையடக்கக் கருவியின் தேய்மானம்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையைக் கொளுத்தும் தீப்பொறியைத் தக்க நொடியில் பிறப்பித்து, உரிய சிலிண்டருக்குப் பகிர்ந்தளிப்பதே இக்கருவியின் வேலை. அதன் நடுவிலுள்ள தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல, தண்டின் தலையிலுள்ள நான்கு முனைக் கேம், ‘பாயிண்ட்’ எனப்படும் இரு தொடுமுனைகளைப் பிரிக்கிறது. அப்போது மின்னோட்டம் அறுபட்டு, காயிலில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழ, மேலே சுழலும் ரோட்டர் அதை அந்தந்த பிளக்குக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். மூடிய பாயிண்டுகள் முழுமையாகத் திறக்கும்போது இருக்க வேண்டிய இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற பேட்டரி–காயில் முறை, பின்னாளில் பிரிட்டனில் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்தின் வழியே பரவியது. விடுதலைக்குப் பின், உதிரிபாகங்களை இறக்குமதி செய்து வெறுமனே பூட்டித் தருவதோடு நின்ற நிறுவனங்களுக்கு இடமில்லை என்னும் கொள்கையை 1953இல் தீர்வை ஆணையம் பரிந்துரைக்க, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் நிலைத்தன. அக்கொள்கையின் விளைவாகவே, 1911இல் மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் இணைந்து 1961இல் லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தன, சென்னைப் பாடியில் அதன் தொழிற்சாலை எழுந்தது.

இந்திய நிறுவனங்கள் பிரிட்டிஷ் வடிவமைப்புகளைக் கையாண்டதால், பிரிட்டனில் பெருமையோடு ஓட்டப்பட்ட விளையாட்டுக் கார்களும் தமிழகத்தின் வாடகைக் கார்களும் ஒரே இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவையாயின. 1955இல் வெளியான எம்.ஜி.ஏ. காரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும், அம்பாசிடர் காரில் பல்லாண்டுகள் ஓடிய எஞ்சினும் பி.எம்.சி. எனப்படும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஒரே வடிவமைப்பின் கிளைகள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரின் மூலவடிவான டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கியே, 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் உருவாக்கப்பட்டது. ஆகவே ஆங்கிலேய விளையாட்டுக் காரின் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பிக்கும் கலை, தமிழகப் பட்டறைகளில் பொழுதுபோக்காக அல்லாமல் பிழைப்பாகவே வளர்ந்தது.

தேய்மானம் முதலில் தாக்குவது, தண்டு சுழலும் உலோக உறையான புஷ்ஷை. உராய்வினால் அதன் துளை அகன்றதும் தண்டு பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டம் கேமின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு இடைவெளியை உண்டாக்க, நான்கு சிலிண்டர்களிலும் தீப்பொறி உரிய கணத்திலிருந்து வெவ்வேறு அளவு விலகி விழுகிறது. நெம்புப் பூட்டில் ஒரு நெம்பு மயிரிழை தவறினாலும் சாவி திரும்ப மறுப்பதைப் போல, இங்கே அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தவறினாலும் எஞ்சின் சீராக ஓட மறுக்கிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று குறித்த இத்தடுமாற்றத்துக்குப் புதுப் பாயிண்ட் மட்டும் மாற்றுவது தீர்வாகாது என்பதைப் பட்டறை அனுபவம் கற்பித்தது.

புதுப்பிக்கும் முறை வருமாறு. தண்டின் அடியில் ‘நாய்’ (டாக்) எனப்படும் இணைப்புத் துண்டைப் பிணைத்த குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்து, நாய், வாஷர், தண்டு ஆகியவற்றைப் பிரிக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது நாயை 180 பாகை திருப்பி வைத்துவிட்டால் ரோட்டர் எதிர்ச் சிலிண்டரை நோக்கும் என்பதால், பிரிக்கும் முன்பே குறியிடுவது வழக்கம். ஆலையின் மாற்றுப் புஷ், உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டு, எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகளோடு ஆக்கப்பட்டது. அதைப் பொருத்துமுன் குறைந்தது 24 மணி நேரம் எஞ்சின் எண்ணெயில் ஊறவிட வேண்டும், அவசரமெனில் எண்ணெயை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி 2 மணி நேரம் ஊறவைத்து ஆறவிடலாம். ரீமரால் அதன் துளையைக் கடையவே கூடாது. கடைந்தால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். அந்தப் புஷ் கிடைக்காதபோது லேத் பட்டறையில் கன்மெட்டலைக் கடைந்து புஷ் அடித்தனர். அவ்வகைப் புஷ் தானே எண்ணெய் சுரக்காததால், உயவிடுவதில் கூடுதல் கவனம் வேண்டியிருந்தது.

அடுத்துச் சரிபார்க்கப்படுபவை அட்வான்ஸ் எடைகளும் சுருள்வில்களும். எஞ்சின் வேகம் ஏறும்போது விலகும் இவ்வெடைகள் தீப்பொறியை முற்பட வைக்கின்றன. இரு வில்களும் வெவ்வேறு வலிமையுடையவையாதலால், ஒன்றை இழுத்து நீட்டினாலும் முழு ஒழுங்கும் குலையும். வில் தளர்ந்தால் குறைந்த வேகத்திலேயே தீப்பொறி முந்திவிடுவதால், சுமையோடு மெதுவாக மலையேறும் எஞ்சினில் ‘நாக்கிங்’ எனப்படும் தட்டொலி எழுந்து பிஸ்டனைச் சிதைக்கும். கார்புரேட்டரின் வெற்றிடத்தால் இயங்கும் மற்றொரு அமைப்பு, சமவெளியில் இலேசாக ஓடும்போது தீப்பொறியை முந்தச் செய்து பெட்ரோலைச் சேமித்து, ஏற்றத்தில் முழுவீச்சில் முடுக்கும்போது தானே பின்வாங்குகிறது. ஒரே நாளில் சமவெளிப் பாதையும் மலைப்பாதையும் கடக்கும் திண்டுக்கல் வண்டிகளுக்கு இவ்விரண்டும் ஒருசேரப் பிசகாதிருப்பது இன்றியமையாததாயிற்று.

டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் தீப்பற்றுவதால், பேருந்தும் லாரியும் டீசலுக்கு மாறியபோதே டிஸ்ட்ரிபியூட்டரின் ஆட்சி சுருங்கியது. அம்பாசிடரிலும் டீசல் எஞ்சின் நுழைந்து, பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் கணினி வழி எரிபொருள் செலுத்தும் முறையும் வந்தபின், 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. தீப்பொறியின் நேரத்தை இன்று கணினி தீர்மானிக்கிறது. அதைக் காதால் கேட்டும் ஃபீலர் கேஜால் அளந்தும் நிறுவிய அறிவோ எழுத்தில் ஏறாமலே மறைந்து வருகிறது.

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றதால், அதன் செய்முறை ஆவணமாயிற்று. இறக்குமதித் தடைகளுக்கும் உதிரிபாகப் பற்றாக்குறைக்கும் நடுவே, தேய்ந்த கருவிகளை மீண்டும் மீண்டும் துல்லியத்துக்குக் கொண்டுவந்து தமிழகத்தை ஓடவைத்த மெக்கானிக்குகளின் செய்முறையும் அதே மதிப்புக்கு உரியது. அதை அறிந்த கைகள் இருக்கும்போதே, அளவுகளோடும் சொற்களோடும் பதிவுசெய்வது, தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோரின் உடனடிக் கடமை.